பதினோரு நிமிஷப் பாட்டை பதினோரு நிமிஷமும் கேளுங்க: கறுப்பின சைக்கடெலிக் ராக் கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

முதல்லயே ஒண்ணு ஒத்துக்கறேன். ரெண்டு வருஷமா நான் தப்பான பாட்டை கேட்டுட்டு இருந்தேன், அது பத்தாதுன்னு நாலு பேர்கிட்ட செம பாட்டுன்னு சிபாரிசு வேற பண்ணிட்டு இருந்தேன். சேம்பர்ஸ் பிரதர்ஸ்ங்கற அமெரிக்க பேண்டோட டைம் ஹேஸ் கம் டுடே. என் போன்ல இருந்தது மூணு நிமிஷ சொச்சம். ஒரு நாள் நைட் பஸ்ல போறப்ப ஏதோ ப்ளேலிஸ்ட்ல அதே பாட்டு ஓடுது, மூணு நிமிஷத்துல முடியணும், முடியல, பாட்டு ஸ்லோ ஆகுது, யாரோ கத்தறாங்க, யாரோ சிரிக்கிறாங்க, நான் போனை எடுத்து பாக்கறேன், இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்குன்னு காட்டுது. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் இவ்வளவு நாளா வாசப்படியில நின்னு பாத்துட்டு வீட்டையே பாத்துட்டேன்னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

அதனால சைக்கடெலிக் ராக்குள்ள, அதாவது போதை மயக்கம் மாதிரி சத்தத்தை வளைச்சு நீட்டி பண்ற ராக்குள்ள, போக நினைக்கிறவங்களுக்கு நான் சொல்ற ஒரே பெரிய விதி இதுதான், நீள வெர்ஷனை தேடி கேளுங்க. மத்தது எல்லாம் இதுக்கு கீழதான். 1966-ல இருந்து 1975 வரைக்கும் கறுப்பின பேண்டுகள் பண்ண சைக்கடெலிக் ராக்ல உயிர் இருக்கற இடமே பெரும்பாலும் ரேடியோவுக்காக வெட்டி எறிஞ்ச பகுதியிலதான் இருக்கு. ஆப்ல தேடும்போது முதல்ல வர்ற ரிசல்ட்டை அமுக்காதீங்க. பேருக்கு பக்கத்துல சிங்கிள் வெர்ஷன், எடிட்னு போட்டிருந்தா விட்டுடுங்க, கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பையும் விட்டுடுங்க ஏன்னா அதுல வெட்டினதுதான் இருக்க நிறைய வாய்ப்பு, ஒரிஜினல் ஆல்பத்தோட பேரை போட்டு தேடி அதுக்குள்ள போய் நிமிஷத்தை பாருங்க. பத்து செகண்ட் வேலை.

சரி, இப்ப அதே பாட்டுல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இதை விட நல்ல பாடப்புத்தகம் இல்ல.

சேம்பர்ஸ் பிரதர்ஸ் நாலு பேரும் கூடப் பொறந்தவங்க, ஜார்ஜ், வில்லி, லெஸ்டர், ஜோ. மிசிசிப்பியில குத்தகை விவசாயக் குடும்பம், சர்ச் கொயர்ல பாடி வளந்தவங்க. 1950கள்ல லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து காஸ்பெல்னு சொல்ற சர்ச் பாட்டு பாடிட்டு இருந்தாங்க, அப்புறம் ஃபோக் கிளப்புகள், 1965-ல நியூபோர்ட் ஃபோக் ஃபெஸ்டிவல், அதுக்கப்புறம் பிரையன் கீனன்னு ஒரு வெள்ளைக்கார டிரம்மர் சேந்துக்கிட்டார். இந்தப் பாட்டை எழுதினது ஜோவும் வில்லியும். 1966-லயே குட்டியா ஒரு தடவை பதிவு பண்ணி விட்டாங்க, போணி ஆகல. 1967-ல திரும்ப பதிவு பண்ணது தான் அந்த பதினோரு நிமிஷம். ஆல்பம் பேர் தி டைம் ஹேஸ் கம். அடுத்த வருஷம் அதை வெட்டி சிங்கிளா, அதாவது தனிப்பாட்டுத் தட்டா விட்டு அமெரிக்காவோட பில்போர்ட் ஹிட் பட்டியல்ல 11-வது இடம் வரைக்கும் போச்சு.

கேக்கறப்ப எதை கவனிக்கணும்னு சொல்றேன். ஹெட்போன் போட்டுக்கங்க. முதல் சத்தமே கவ்பெல், அதாவது மாட்டு கழுத்து மணி மாதிரி இருக்குமே அது, டிக் டாக்னு சுவர்க் கடிகாரம் மாதிரி அடிக்கும். அந்த மணியை விடாதீங்க, அதுதான் உங்க கைப்பிடி. முதல் மூணு நிமிஷம் சாதாரண ராக் பாட்டு மாதிரிதான் இருக்கும், ஃபஸ் கிட்டார் (கரகரன்னு உறுமற மாதிரி பண்ண கிட்டார்), சர்ச் ட்ரெய்னிங் எடுத்த குரல்கள் ஒண்ணா சேந்து கத்தறது, எல்லாம் ஜோர். அப்புறம் அந்த மணி ஸ்லோ ஆகும். டிக்... டாக்... அது மேல எக்கோ ஏத்திருப்பாங்க, கிணத்துக்குள்ள கல்லு போட்ட மாதிரி. இங்க தான் நிறைய பேர் ஸ்கிப் பண்ணுவாங்க. பண்ணாதீங்க. நடுவுல ஒரு இடத்துல கிட்டார் சம்பந்தமே இல்லாம ஒரு கிறிஸ்துமஸ் பாட்டோட மெட்டை வாசிக்கும், லிட்டில் டிரம்மர் பாய், அது வர்ற இடத்தை நீங்களே கண்டுபிடிங்க, நான் நிமிஷம் சொல்ல மாட்டேன். அலறல், சிரிப்பு எல்லாம் வந்து போகும், அப்புறம் மெதுவா மெதுவா வேகம் ஏறி திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே பாட்டு வந்து சேரும். நம்ம கச்சேரியில தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிச்சு பல்லவிக்கு திரும்பறப்ப சபை முழுக்க ஒரு நிம்மதி வருமே, அதே நிம்மதி. மூணு நிமிஷ வெர்ஷன்ல எங்கயும் தொலையறதே இல்ல, அப்புறம் எங்க இருந்து திரும்பி வர்றது?

ஏன் வெட்டினாங்கன்னு ஒரு கேள்வி வரும். சிங்கிள்னா 45 ஆர்பிஎம் தட்டு, ஒரு பக்கத்துல கொஞ்ச நிமிஷம்தான் நல்லா உக்காரும், ஏஎம் ரேடியோவும் மூணு நிமிஷத்துக்கு மேல போனா மூஞ்சி சுளிக்கும், அது வெள்ளைக்காரங்க பேண்டுக்கும் உண்டு. ஆனா இவங்களுக்கு கூட ஒரு தலைவலி. கடையில எந்த அலமாரியில வைக்கிறது? கறுப்பினத்தவங்க பாடினா ஆர் அண்ட் பி, 1969-ல பில்போர்ட் அந்த சார்ட்டுக்கு சோல்னு பேரை மாத்திச்சு, அவ்வளவுதான். இப்படி ஃபஸ் கிட்டார் வெச்சு அலறினா சோல் ஸ்டேஷன் இது ராக்குன்னு சொல்லும், ராக் ஸ்டேஷன் இது அவங்க ஆளுங்க பாட்டுன்னு சொல்லும். ரெண்டும்கெட்டான் நிலைமை. ராக் அண்ட் ரோலே சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் கிட்ட இருந்து வந்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சும் பத்து வருஷத்துக்குள்ள அவங்க ஆளுங்களே அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆயிட்டாங்க, இதுல எனக்கு இன்னும் கோவம் போகல.

அடுத்து லவ். பேரே லவ் தான், அதனால தேடறது கொஞ்சம் கஷ்டம், ஆர்தர் லீ பேரை சேத்து தேடுங்க. ஆர்தர் லீயும் கிட்டாரிஸ்ட் ஜானி எக்கோல்ஸும் ரெண்டு பேருமே மெம்ஃபிஸ்ல பொறந்து லாஸ் ஏஞ்சலஸ்ல வளந்தவங்க, கூட பிரையன் மெக்லீன் மாதிரி வெள்ளைக்கார பசங்க, அப்ப அங்க இப்படி கலந்த ராக் பேண்ட் ரொம்ப அபூர்வம். எலெக்ட்ரா கம்பெனியில இவங்க முதல்ல போனாங்க, டோர்ஸ் பேண்டை எடுக்க சொல்லி சிபாரிசு பண்ணதும் ஆர்தர் லீ தான், டோர்ஸ் எங்கயோ போயிட்டாங்க, லவ் அங்கயே நின்னுட்டாங்க.

இங்க நீள வெர்ஷன் விதி கொஞ்சம் மாறுது. டா கப்போ ஆல்பத்தோட ரெண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, ரெவலேஷன், கிட்டத்தட்ட 19 நிமிஷம். நேர்மையா சொல்றேன், எனக்கு போர். மேடையில நல்லா இருந்திருக்கலாம், தட்டுல இல்ல. அந்த ஆல்பத்துல செவன் அண்ட் செவன் இஸ் கேளுங்க, ரெண்டே கால் நிமிஷம், டிரம்ஸ் நாய் துரத்தற மாதிரி ஓடும், கடைசியில ஒரு வெடிச் சத்தம், அது அடங்கினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு ஸ்லோ ப்ளூஸ். 1966. இப்படி வேகமா முரட்டுத்தனமா அடிக்கற பங்க் ராக் வர இன்னும் பத்து வருஷம் இருக்கு.

அப்புறம் ஃபாரெவர் சேஞ்சஸ், 1967 நவம்பர். இதை தனிப்பாட்டா பிச்சு கேக்காதீங்க, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே உக்காரல்ல கேளுங்க, முக்கால் மணி நேரம் கூட இல்ல. இது சைக்கடெலிக்னு சொல்லி நான் ஒரு ஃப்ரெண்டுக்கு குடுத்தப்ப அவன் என்னடா வயலின் ட்ரம்பெட் எல்லாம் வருது, கல்யாண மண்டபம் மாதிரி இருக்குன்னான். அப்படித்தான் இருக்கும். சத்தத்துல பைத்தியம் இருக்காது, பாட்டோட போக்குல இருக்கும், ஒரு வரி முடிய வேண்டிய இடத்துல முடியாது, அடுத்தது அதுக்கு நடுவுலயே ஆரம்பிச்சிடும். அப்ப ஆர்தர் லீக்கு 22 வயசு, தான் சீக்கிரம் செத்துப்போயிடுவோம்னு நம்பிட்டு கடைசியா சொல்ல வேண்டியதை சொல்றதா நினைச்சு எழுதினேன்னு பின்னாடி சொல்லிருக்கார். (செத்தது 2006-ல, லுக்கிமியாவுல.) முதல் பாட்டு மெக்லீன் எழுதினது, ஆனா மிக்ஸ்ல ஆர்தரோட ஹார்மனி குரலை எழுதினவரோட குரலை விட சத்தமா வெச்சுட்டாங்க, ஹெட்போன்ல தெளிவா கேக்கும். இன்னொரு தமாஷ், ரெக்கார்டிங் ஆரம்பிச்சப்ப பேண்ட் பசங்க இருந்த கோலத்துக்கு ரெண்டு பாட்டை வாடகை வாத்தியக்காரங்களை வெச்சு பதிவு பண்ணிட்டாங்க, அதை பாத்து பசங்களுக்கு ரோஷம் வந்து மீதி எல்லாம் அவங்களே வாசிச்சாங்க. அந்த ரெண்டு பாட்டு எதுன்னு தெரியாம கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க. விடை வேணும்னா, ஆண்ட்மோரகெய்ன், தி டெய்லி பிளானட்.

அமெரிக்காவுல இந்த ஆல்பம் 154-வது இடத்தோட நின்னு போச்சு. இங்கிலாந்துல 24. இன்னைக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட தேசிய ஒலிப்பதிவு பட்டியல்ல இருக்கு.

இப்ப ஃபங்கடெலிக். இங்க நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், மன்னிச்சுக்கங்க.

ஜார்ஜ் கிளிண்டன் நியூஜெர்சியில பிளெயின்ஃபீல்டுங்கற ஊர்ல சலூன் கடையில முடி வெட்டிட்டே பாட்டு குரூப் நடத்தினவர், பார்லமென்ட்ஸ்னு அஞ்சு பேர் கோட் சூட் போட்டு டூவாப்னு கூட்டுக்குரல் பாட்டு பாடற குரூப். 1967-ல ஒரு ஹிட் வந்துச்சு, அப்புறம் அந்தப் பேரை உபயோகிக்க முடியாம கம்பெனி தகராறு, சரி பின்னாடி வாசிக்கற பசங்க பேர்லயே பேண்ட் ஆரம்பிப்போம்னு ஃபங்கடெலிக்கை டெட்ராய்ட்ல வெஸ்ட்பவுண்டுங்கற கம்பெனியில இறக்கினார். முதல் ஆல்பம் 1970, மூணாவது 1971-ல வந்த மேகட் ப்ரெய்ன். அதோட முதல் பாட்டுதான் நீங்க கேக்க வேண்டியது, பத்து நிமிஷம் சொச்சம், அதுவும் பேர் மேகட் ப்ரெய்ன் தான்.

எடி ஹேசல், இருபது இருபத்தொரு வயசு பையன், கிட்டார். கிளிண்டன் அவன்கிட்ட சொன்னது என்னன்னா, உங்க அம்மா செத்துப்போயிட்டாங்கன்னு இப்பதான் சேதி வந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டு வாசி. பாதி வரைக்கும் அப்படி வாசிச்சிட்டு அப்புறம் சேதி பொய்யின்னு தெரிஞ்ச மாதிரி வாசின்னு சொன்னதாவும் சொல்வாங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க, எனக்கு அந்த ரெண்டாவது பாதி ஆறுதலே கேக்கல. இது ஒப்பாரி. நம்ம ஊர்ல சாவு வீட்ல ஒரு கிழவி தனியா ஆரம்பிப்பாங்களே, முதல்ல பேச்சு மாதிரி, அப்புறம் இழுப்பு, அப்புறம் வார்த்தையே இல்லாம வெறும் குரல், அந்த வரிசை அப்படியே இந்த கிட்டார்ல இருக்கு. ராகம் தெரியணும், கிட்டார் தெரியணும்னு எந்த அவசியமும் இல்ல.

கேக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன், இது என் அனுபவத்துல வேலை செஞ்சது. முதல் தடவை விளக்கை அணைச்சிட்டு அப்படியே கேளுங்க. ரெண்டாவது தடவை ஹேசலை விட்டுட்டு பின்னாடி இருக்கற இன்னொரு கிட்டாரை மட்டும் கேளுங்க, அது அதே சில ஸ்வரத்தை பத்து நிமிஷமும் திரும்ப திரும்ப நிதானமா வாசிச்சுட்டே இருக்கும், தம்புரா மாதிரி. மூணாவது தடவை தான் விஷயமே. பதிவு பண்ணப்ப டிரம்ஸ், பேஸ் எல்லாரும் வாசிச்சாங்க, கிளிண்டன் மிக்ஸ் பண்றப்ப அவங்களை எல்லாம் கிட்டத்தட்ட அமுக்கிட்டு ஹேசலை தனியா நிக்க வெச்சுட்டார். 2005-ல வந்த மறுவெளியீட்டுல ஆல்டர்நேட் மிக்ஸ்னு ஒண்ணு சேத்திருக்காங்க, அதுல முழு பேண்டும் கேக்கும். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க. பேண்டோட கேட்டா அது நல்ல பாட்டு. பேண்ட் இல்லாம கேட்டா தொண்டையில ஏதோ அடைக்குது. மிக்ஸிங்னா என்னன்னு எனக்கு புரிஞ்ச நாள் அது, யாரோ வகுப்பு எடுத்து புரியல.

அந்த ஆல்பத்துல மத்தது? சூப்பர் ஸ்டுப்பிட் கண்டிப்பா, அதை கேட்டுட்டு ஹெவி மெட்டல் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கடைசிப் பாட்டு வார்ஸ் ஆஃப் ஆர்மகெடன் ஒன்பது நிமிஷத்துக்கு மேல இரைச்சல், வீட்ல ஸ்பீக்கர்ல போடாதீங்க, போட்டு நான் வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸை பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. ஆனா ஒண்ணு, அவரை தனி ஒரு அதிசயப் பிறவின்னு எடுத்து மேல வெச்சுட்டதாலதான் மத்தவங்க யாரும் கண்ணுக்கு தெரியாம போனாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அவர் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் பேண்டுல பின்னாடி நின்னு வாசிச்சு வந்தவர், கும்பல்ல ஒருத்தர். அதனால பிரபலமான ஆல்பங்களை விட்டுட்டு பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்ல இருந்து ஆரம்பிங்க. மூணு பேருமே கறுப்பினத்தவங்க, பேஸ் பில்லி காக்ஸ், இவர் ஹென்ட்ரிக்ஸுக்கு ராணுவத்துல கிடைச்ச நண்பர், டிரம்ஸ் படி மைல்ஸ். 1969 கடைசி நாளும் 1970 முதல் நாளும் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துல நடந்த கச்சேரி. மெஷின் கன், பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல. ஆரம்பத்துல அவர் பேசறதை கவனிங்க, சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க்ல சண்டை போடற சிப்பாய்களுக்குன்னு சொல்லிட்டு அப்புறம்தான் ஓ ஆமா வியட்நாம்ல இருக்கறவங்களுக்கும்னு சேத்துப்பார். டிரம்ஸ் துப்பாக்கி மாதிரி சுடும், கிட்டார் சுடப்பட்டவன் மாதிரி. இதுக்கு மேல விளக்க ஒண்ணும் இல்ல.

இனி கொஞ்சம் வேகமா போறேன்.

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், கறுப்பு வெள்ளை ஆண் பெண் எல்லாம் கலந்த பேண்ட். 1969-ல வந்த ஸ்டாண்ட் ஆல்பம் திருவிழா, 1971-ல வந்த தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன் திருவிழா முடிஞ்ச மறுநாள் காலை. ரெண்டாவதை கேக்கறப்ப உங்க இயர்போன் ரிப்பேர்னு நினைச்சுக்காதீங்க, டேப்புல பதிவு மேல பதிவு பண்ணி அழிச்சு அழிச்சு அது அப்படித்தான் மங்கலா இருக்கும், நடுவுல ஒரு சின்ன டிரம் மெஷின் கொசு மாதிரி தட்டிட்டு இருக்கும். ஆல்பத்தோட பேர்ல ஒரு பாட்டு போட்டு அதுக்கு நேரம் 0:00ன்னு அச்சடிச்சாங்க, அதாவது பாட்டே கிடையாது. டெம்ப்டேஷன்ஸ்ங்கற பாடகர் கோஷ்டி மோட்டவுன் கம்பெனியில நார்மன் விட்ஃபீல்டுங்கற ப்ரொட்யூசர் கையில சிக்கி 1968-ல இருந்து இந்தப் பக்கம் சாய்ஞ்சாங்க. பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன் 1972, ஆல்பத்துல கிட்டத்தட்ட பன்னெண்டு நிமிஷம், பாடகருங்க வாயை திறக்கவே நாலு நிமிஷம் ஆகும், அவங்களுக்கே அது எரிச்சல். வெட்டின சிங்கிளே ஏழு நிமிஷம், அதுவும் நம்பர் ஒன் ஆச்சு, நீளமா இருந்தா ஓடாதுன்னு சொன்னவங்க மூஞ்சியில கரி.

சிகாகோவுல ரோட்டரி கனெக்‌ஷன், செஸ் கம்பெனிக்காரர் பையன் மார்ஷல் செஸ் ஆரம்பிச்சது. சார்ல்ஸ் ஸ்டெப்னியோட இசையமைப்பு, குரல் மினி ரிப்பர்டன், அதே கம்பெனியில ரிசப்ஷனிஸ்டா இருந்த பொண்ணு. 1971-ல வந்த ஐ ஆம் தி பிளாக் கோல்ட் ஆஃப் தி சன் ஒண்ணு போதும், மத்ததுல கொஞ்சம் அலுப்பு உண்டு. இதே கோஷ்டி ஆளுங்களை வெச்சு 1968-ல ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை எலெக்ட்ரிக் மட்னு ஒரு ஆல்பம் பண்ண வெச்சாங்க, ப்ளூஸ் பக்தர்கள் காறித் துப்பினாங்க, அவருக்கே பிடிக்கல, எனக்கு பிடிக்கும்.

டெட்ராய்ட்ல பிளாக் மெர்டா. பேரை கேட்டு ஸ்பானிஷ், பிரெஞ்சு தெரிஞ்சவங்க (அங்க மலத்துக்கு இதே மாதிரி ஒரு வார்த்தை) சிரிக்காதீங்க, அது கறுப்புக் கொலைங்கற அர்த்தத்துல வேணும்னே அப்படி எழுதினது. பாடகர் எட்வின் ஸ்டாருக்கு பின்னாடி வாசிச்சுட்டு இருந்த பசங்க, ஹாக்கின்ஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேர், வி.சி. வீசி, டைரோன் ஹைட். 1970-ல செஸ்ல ஒரு ஆல்பம், ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு, அவ்வளவுதான். முதல் ஆல்பத்துல ப்ராஃபட்டும் சிந்தி ரூத்தும் கேளுங்க. கம்பெனிக்கு இவங்களை எங்க விக்கிறதுன்னே தெரியல, அதான் மேல சொன்ன அலமாரி பிரச்னை.

இப்ப அமெரிக்காவை விட்டு வெளிய வாங்க. ஜாம்பியா. 1964-ல விடுதலை ஆன நாடு, தாமிரச் சுரங்க காசு புழங்கின நாடு. ஜனாதிபதி கென்னத் கவுண்டா ரேடியோவுல 95 சதவீதம் சொந்த நாட்டு மியூசிக் தான் ஓடணும்னு சொல்லிட்டார், பசங்க கையில ஃபஸ் பெடல் இருந்துச்சு, ஹென்ட்ரிக்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் காதுல இருந்தாங்க, அதுல இருந்து வந்தது ஜாம்ராக். விட்ச்னு ஒரு பேண்ட், சுருக்கத்தை விரிச்சா ரகளை பண்ண முடிவு பண்ணிட்டோம்னு அர்த்தம் வரும். பாடகர் இம்மானுவல் சாண்டா, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரோட பேரை ஆப்பிரிக்க பேராக்கி ஜகாரின்னு வெச்சுக்கிட்டார். லேசி போன்ஸ்னு 1975-ல வந்த ஆல்பத்துல ஆரம்பிங்க. அதே வருஷம் அமனாஸ் பேண்டோட ஆப்பிரிக்கா ஆல்பம், இதுக்கு ரெண்டு மிக்ஸ் இருக்கு, ஒண்ணு காஞ்ச மிக்ஸ், வாத்தியம் எல்லாம் பக்கத்துலயே வாசிக்கற மாதிரி, இன்னொண்ணு ரிவர்ப்ல, அதாவது எதிரொலியில முக்கி எடுத்தது. மறுவெளியீட்டுல ரெண்டும் கிடைக்கும். நான் காஞ்ச மிக்ஸ் கட்சி, ஆனா சைக்கடெலிக்னு தேடி வர்றவங்க ரெண்டாவதுல ஆரம்பிக்கறது நல்லது.

தாமிர விலை விழுந்துச்சு, நாட்டுல காசு இல்ல, பின்னாடியே எய்ட்ஸ் வந்து அந்த தலைமுறை வாத்தியக்காரங்கள்ல நிறைய பேரை கொண்டு போயிடுச்சு. விட்ச்ல அந்தக் காலத்து ஆளா மிஞ்சினது ஜகாரி, ரத்தினக்கல் தோண்டற வேலையில இருந்தார். நவ் அகெய்ன் மாதிரி கம்பெனிங்க பழைய தட்டுகளை மறுபடி போட்டப்புறம் உலகம் தேடி வந்துச்சு, 2023-ல ஸாங்கோன்னு புது ஆல்பமே போட்டுட்டாங்க. இதை மட்டும் நினைச்சா எனக்கு மனசு லேசாகும்.

இவ்வளவையும் வரிசையா கேக்க பொறுமை இல்லைன்னா பின்னாடி இருந்து வாங்க, அதுவும் நல்ல வழிதான். உங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச ஒரு பாட்டை எடுங்க, ஹூ சாம்பிள்ட் தளத்துல போட்டு அதுல எந்தப் பழைய பாட்டோட துண்டை எடுத்து சேத்திருக்காங்கன்னு பாருங்க, அந்த துண்டுக்கு பேர்தான் சாம்பிள். டைலர் தி கிரியேட்டரோட நோய்ட், 2024, அதுல வர்ற கிட்டாரும் குரலும் ஜாம்பியாவுல இங்கோசி ஃபேமிலி பண்ணது. டி லா சோலோட மீ மைசெல்ஃப் அண்ட் ஐ ஃபங்கடெலிக்ல இருந்து. சைல்டிஷ் காம்பினோவோட 2016 ஆல்பத்துல சாம்பிளே தேட வேண்டாம், கேட்டாலே ஃபங்கடெலிக் வீட்டு வாசனை வரும். நடுவுல ஒரு தலைமுறையும் இருக்கு, 1985-ல நியூயார்க்ல கிட்டாரிஸ்ட் வெர்னான் ரீட், எழுத்தாளர் கிரெக் டேட் எல்லாம் சேந்து பிளாக் ராக் கோயலிஷன்னு சங்கமே வெச்சாங்க, ஏன்னா இருபது வருஷம் ஆகியும் அந்த அலமாரி நகரவே இல்ல. ரீடோட பேண்ட் லிவிங் கலர் 1988-ல வெடிச்சுது. படமா பாக்கணும்னா சம்மர் ஆஃப் சோல், 2021, ஹார்லெம்ல 1969 கோடையில நடந்த இசை விழா, ஸ்லையும் இருக்கார், சேம்பர்ஸ் பிரதர்ஸும் இருக்காங்க, அந்த ஃபிலிம் ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட யாரும் பாக்காம கிடந்துச்சு.

கடைசியா காசு விஷயம். 2012-ல லெஸ்டர் சேம்பர்ஸ் கையில, நிறைய வித்ததுக்கு குடுக்கற தங்கத் தட்டை பிடிச்சுக்கிட்டு நிக்கற ஒரு போட்டோ நெட்டுல பரவுச்சு, 1967-ல இருந்து 1994 வரைக்கும் எனக்கு ஒரு ராயல்டி செக் கூட வரலன்னு அதுல எழுதி இருந்துச்சு. அதனால வாங்கறதுன்னா உயிரோட இருக்கறவங்ககிட்ட இருந்து நேரா வாங்குங்க, விட்ச் பேண்டோட ஆல்பங்கள் பேண்ட்கேம்ப் தளத்துல கிடைக்கும். பழைய எல்பி, அதாவது முழு ஆல்பத் தட்டு வாங்கறவங்க டிஸ்காக்ஸ்ங்கற தட்டு விவரத் தளத்துல அந்த ஆல்பத்தோட பக்கத்தை திறந்து, தட்டுல லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவுல வழவழன்னு இருக்கற இடத்துல கீறி எழுதின நம்பர் இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்ப சொல்லி ஒத்துப் பாருங்க. அனுப்ப மாட்டேன்னு சொன்னா வாங்காதீங்க.

நான் பாக்காம வாங்கினேன். ஒரு ஆன்லைன் வியாபாரிகிட்ட, 1960கள்ல அச்சான தொகுப்பு எல்பி, டைம் ஹேஸ் கம் டுடே முழுசா இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தார், மூணு மாச மிச்சக் காசு அது. அட்டை கலர் ஜெராக்ஸ். நம்பர் இருக்க வேண்டிய இடம் மொட்டையா இருக்கு. சரி போகட்டும்னு பாட்டை போட்டேன், மணி அடிக்குது, கிட்டார் வருது, கத்தறாங்க, நான் கண்ணை மூடி உக்காந்து ஸ்லோ ஆகப்போற இடத்துக்கு காத்திருக்கேன், கரெக்டா மூணு நிமிஷத்துல சத்தம் தேஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. அந்த தட்டு இப்ப பால்கனியில இருக்கு, அம்மா அது மேல துளசித் தொட்டி வெச்சிருக்காங்க.